உள்நுழையும்போது வரும் ‘பாதுகாப்பான இணைப்பு’ பிழை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கு, சம்பளம், கையிருப்பு போன்ற வேலைகளுக்கான மென்பொருள்களைப் பயன்படுத்தும் அலுவலகங்களுக்குத் தொழில்நுட்ப உதவி செய்வது என் வேலை. உள்நுழையும் நேரத்தில் பாதுகாப்பு இணைப்புப் பிழை வருவதைப் பற்றி வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இயன்றவரை வைத்துக்கொண்டு, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. கடவுச்சொல்லைச் சரியாகத்தான் போடுகிறேன். ஆனாலும் “பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை” என்று வருகிறது. என் கணக்கை முடக்கிவிட்டார்களா?

இல்லை. இந்தப் பிழை வரும்போது உங்கள் கடவுச்சொல் கணினியை விட்டு வெளியே போகவே இல்லை. உள்நுழையும் பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் முதலில் சர்வருடன் மறையாக்கப்பட்ட (நடுவில் யாரும் படிக்க முடியாத) ஓர் இணைப்பை ஏற்படுத்த முயல்கிறது. அது உறுதியான பிறகுதான் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதன் வழியே செல்லும். கடவுச்சொல் தவறு என்றால் சர்வர் அதைப் பார்த்துவிட்டுத் ‘தவறான கடவுச்சொல்’ என்று பதில் அனுப்பியிருக்கும். இங்கே சர்வர் அதைப் பார்க்கும் கட்டம் வரவே இல்லை.

ஆகவே கடவுச்சொல்லை மாற்றுவதாலோ, கணக்கைத் திறந்துவிடச் சொல்லி நிர்வாகியிடம் கேட்பதாலோ பயன் இல்லை. பலர் இதிலேயே அரை நாளை இழந்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள் என்பதால் இதை முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

2. எஸ்எஸ்எல் என்கிறார்கள், டிஎல்எஸ் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

முதல் பதிலில் சொன்ன மறையாக்கப்பட்ட இணைப்பை ஏற்படுத்தும் முறையின் பழைய பெயரும் புதிய பெயரும் என்று கொள்ளலாம். நெட்ஸ்கேப் நிறுவனம் 1990களின் நடுவில் உருவாக்கியது எஸ்எஸ்எல். அதன் வழிவந்த டிஎல்எஸ் 1.0 1999-லும், 1.1 2006-லும், 1.2 2008-லும், 1.3 2018-லும் வெளிவந்தன. எஸ்எஸ்எல்லின் எல்லாப் பதிப்புகளும் கைவிடப்பட்டுவிட்டன, டிஎல்எஸ் 1.0, 1.1 ஆகிய இரண்டும் பயன்படுத்தத் தகாதவை என்று 2021 மார்ச்சில் முறையாக அறிவிக்கப்பட்டன. பேச்சு வழக்கில் பழைய பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இணைப்பின் தொடக்கத்தில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. எந்தப் பதிப்பில், எந்த மறையாக்க முறையில் பேசுவது என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்கின்றன. சர்வர் தன் சான்றிதழைக் காட்டித் தான் இன்னார் என்று நிறுவுகிறது. பிறகு இருவருக்கும் பொதுவான திறவுகோல் உருவாகிறது. உங்களுக்கு வரும் பிழைகளில் அநேகமாக எல்லாமே முதல் இரண்டில் பிறப்பவை: ஒன்று, பதிப்பு ஒத்துப்போகவில்லை, அல்லது, சான்றிதழை நம்ப முடியவில்லை.

3. பிழை வந்தவுடன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பிழைச் செய்தியை முழுவதுமாக, எழுத்து மாறாமல் எழுதி வையுங்கள். “ஏதோ எஸ்எஸ்எல் எர்ரர்” என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. ‘டேட் இன்வேலிட்’ என்ற சொற்கள் இருந்தால் நாள் தொடர்பானது. ‘நேம் இன்வேலிட்’ என்றால் முகவரி தொடர்பானது. ‘அத்தாரிட்டி இன்வேலிட்’ அல்லது ‘அன்னோன் இஷ்யூவர்’ என்றால் சான்றிதழை வழங்கியவர் தொடர்பானது. ‘வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்’ என்றால் பதிப்போ மறையாக்க முறையோ ஒத்துப்போகவில்லை.

அடுத்து மூன்று ஒப்பீடுகள். பக்கத்து இருக்கைக் கணினியிலும் இதே பிழை வருகிறதா? அதே முகவரியைப் பிரவுசரில் திறந்தால் வருகிறதா? அலுவலக விதிகள் அனுமதித்தால், கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தால் வருகிறதா? எல்லாக் கணினிகளிலும் எல்லா இணைப்புகளிலும் வருகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் சர்வர் பக்கம். ஒரே கணினியில் மட்டும் என்றால் 4, 8, 9 ஆகியவற்றையும், ஒரே வலையமைப்பில் மட்டும் என்றால் 10-ஐயும் பாருங்கள்.

4. கணினியில் தேதி தவறாக இருப்பதற்கும் உள்நுழைய முடியாததற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. ஒவ்வொரு சான்றிதழிலும் அது செல்லத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்றைய நாள் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று சரிபார்ப்பது உங்கள் கணினி. அதற்குத் தெரிந்த ‘இன்று’ என்பது திரையின் மூலையில் உள்ள கடிகாரம்தான். கடிகாரம் பின்தங்கியிருந்தால், முற்றிலும் சரியான சான்றிதழும் ‘இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை’ என்று தள்ளப்படும்.

ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவின் ஒரே ஒரு கணினியில் திங்கட்கிழமை காலைகளில் மட்டும் இந்தப் பிழை வந்து, ஒரு மணி நேரத்தில் தானாகவே மறைந்துவிடும். சர்வரைச் சந்தேகித்தார்கள், இணைய வசதியைச் சந்தேகித்தார்கள். நான் ஒரு திங்களன்று எட்டரை மணிக்கே போய் உட்கார்ந்து கணினியை இயக்கியபோது, மூலையில் 01-01-2012 என்று இருந்தது. வார இறுதியில் சுவரில் உள்ள மின்சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் நல்ல பழக்கம் அவர்களுக்கு. மின்சாரம் முழுவதும் நின்ற நேரத்தில் கடிகாரத்தை ஓட்ட வேண்டிய மதர்போர்டு பேட்டரியோ தீர்ந்துபோயிருந்தது. திங்களன்று கணினி இணையத்திலிருந்து நேரத்தைப் பெற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வரை பிழை நீடித்தது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி. அதை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது.

தேதியைக் கையால் திருத்துவதைவிட, விண்டோஸின் தேதி, நேர அமைப்பில் உள்ள ‘சிங்க் நவ்’ பொத்தானை அழுத்துவது நல்லது. நேர மண்டலத்தையும் பாருங்கள். மண்டலம் தவறாக இருக்கும்போது கடிகாரத்தை மட்டும் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்படி திருத்தியிருந்தால், கணினியின் உள்கணக்கு சில மணி நேரம் பிசகியே நிற்கும். அன்றைக்கே புதுப்பித்த சான்றிதழ் வரும்போது அந்தப் பிசகு வெளிப்படும்.

5. பிரவுசரில் ‘அட்வான்ஸ்டு’ என்பதை அழுத்தினால் “தொடர்ந்து செல்” என்று ஒரு வழி இருக்கிறதே. அதில் போய்விடலாமா?

கூடாது. எச்சரிக்கையின் பொருள், “எதிரில் இருப்பது உங்கள் சர்வர்தான் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை” என்பது. அதைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லைத் தட்டினால், யாரென்று தெரியாதவரிடம் அதைக் கொடுத்ததாகிவிடும். முதல் பதிலில் சொன்னபடி அதுவரை உங்கள் கடவுச்சொல் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதை வெளியே அனுப்புவது உங்கள் அந்த ஒரு சொடுக்குதான். சம்பளப் பட்டியலும் வங்கி விவரங்களும் இருக்கும் மென்பொருளில் இந்த ஆபத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

சில தளங்களில் அந்த வழியே காட்டப்படாது. அவை ‘எப்போதும் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே என்னிடம் வா’ என்று பிரவுசருக்கு முன்பே சொல்லி வைத்திருக்கின்றன. எச்எஸ்டிஎஸ் என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். அது கோளாறன்று; தளத்தை நடத்துகிறவர்கள் கவனமாக இருக்கிறார்கள் என்பதன் அடையாளம்.

6. பல மாதமாக ஐபி முகவரியைப் போட்டுத்தான் உள்ளே போகிறோம். இப்போது மட்டும் ஏன் பெயர் பொருந்தவில்லை என்கிறது?

சான்றிதழ் பொதுவாக வழங்கப்படுவது ஒரு பெயருக்கு, எண்களாலான ஐபி முகவரிக்கு அல்ல. நீங்கள் முகவரிக் கட்டத்தில் தட்டியதும் சான்றிதழில் உள்ள பெயர்ப் பட்டியலும் ஒத்துப்போனால்தான் ஏற்கப்படும். முன்பு பாதுகாப்பில்லாத எச்டிடிபி முறையில் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். சர்வரை எச்டிடிபிஎஸ் முறைக்கு மாற்றியதும் பெயர்ச் சோதனை வந்துவிட்டது. நிர்வாகி கொடுத்த முழுப் பெயரையே பயன்படுத்துங்கள். மேசையில் வைத்திருக்கும் பழைய குறுக்குவழிச் சின்னங்களையும் மாற்றிவிடுங்கள்.

நிர்வாகிகளுக்கு ஒரு குறிப்பு: நட்சத்திரக் குறியிட்ட (வைல்ட்கார்டு) சான்றிதழ் ஒரே ஓர் அடுக்குக்குத்தான் செல்லும். நிறுவனப் பெயருக்கு முன் ‘கணக்கு’ என்று ஒரு சொல் சேர்த்தால் பொருந்தும். ‘சோதனை’, புள்ளி, ‘கணக்கு’ என்று இரண்டு சேர்த்தால் பொருந்தாது. சோதனைச் சர்வர்களில் இந்தத் தவறை அடிக்கடி காண்கிறேன்.

7. சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று வருகிறது. நான் ஏதாவது புதுப்பிக்க வேண்டுமா?

உங்கள் தேதி சரியாக இருந்தால், நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. சர்வரை நடத்துகிறவர் புதுப்பிக்க வேண்டும். அவரிடம் சொல்லுங்கள், புதுப்பிக்கும்வரை காத்திருங்கள். ‘புதுப்பித்துவிட்டோம்’ என்று அவர் சொல்லியும் பழைய நாளே தெரிந்தால், புதிய கோப்பை வைத்துவிட்டுச் சேவையை மறுதொடக்கம் செய்ய மறந்திருப்பார். இது மிகச் சாதாரணமாக நடப்பது.

இந்தப் பிழை இனி அதிகமாகவே வரக்கூடும். பொதுச் சான்றிதழ்களின் (பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் வழங்குபவற்றின்) அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பர் 1 முதல் 398 நாள்களாக இருந்தது. சான்றிதழ் வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, அது 2026 மார்ச் 15 முதல் 200 நாள்களாகவும், 2027 மார்ச் 15 முதல் 100 நாள்களாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்களாகவும் குறைகிறது. ஆண்டுக்கு ஒருமுறை நாட்காட்டியில் குறித்து வைத்துக் கையால் புதுப்பித்துவந்தவர்கள் தானியங்கி முறைக்கு இப்போதே மாறிவிட வேண்டும்.

8. பிரவுசரில் நன்றாகத் திறக்கிறது. மென்பொருளில் மட்டும் முடியவில்லை. அப்படியானால் மென்பொருளில்தானே கோளாறு?

எல்லாரும் அப்படித்தான் முடிவுக்கு வருகிறார்கள். பாதி நேரம் அது தவறாகிறது. சான்றிதழ் ஒரு சங்கிலி. உங்கள் சர்வரின் சான்றிதழுக்கு ஓர் இடைநிலைச் சான்றிதழ் சாட்சி. அந்த இடைநிலைக்கு ஒரு மூலச் சான்றிதழ் சாட்சி. மூலச் சான்றிதழ்களின் பட்டியல் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. இடைநிலையைத் தன் சான்றிதழோடு சேர்த்து அனுப்ப வேண்டியது சர்வரின் கடமை. சில நிர்வாகிகள் அதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். குரோமும் எட்ஜும் விடுபட்ட கண்ணியைத் தாமே இணையத்திலிருந்து தேடி எடுத்துக்கொள்கின்றன. அதனால் பிழை தெரிவதில்லை. ஜாவாவில் எழுதப்பட்ட மென்பொருள்களும் ஆண்ட்ராய்டு செயலிகளும் பொதுவாக அப்படித் தேடுவதில்லை, அவை நின்றுவிடும். ஆக, சர்வரின் குறையைப் பிரவுசர் மூடி மறைத்துவிடுகிறது; பழி மென்பொருள்மேல் விழுகிறது.

இன்னொரு காரணம், நம்பிக்கைப் பட்டியல்கள் ஒன்றுக்கு மேற்பட்டவையாக இருப்பது. விண்டோஸுக்கு ஒரு பட்டியல், ஜாவாவுக்கு ‘சிஏசர்ட்ஸ்’ என்ற தனிக் கோப்பு, ஃபயர்ஃபாக்ஸுக்கும் ஒன்று. ‘பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு’ என்ற செய்தி வந்தால் அது ஜாவாவின் பட்டியலைப் பற்றியது. விண்டோஸில் எத்தனை முறை சான்றிதழைச் சேர்த்தாலும் ஜாவா அதைப் பார்க்காமலே போகலாம். மென்பொருள் தன்னோடு ஒரு ஜாவாவைக் கொண்டுவந்து நிறுவியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே கணினியில் மூன்று ஜாவாக்களைக் கண்டிருக்கிறேன், சான்றிதழ் சேர்க்கப்பட்டிருந்தது தவறான ஒன்றில்.

பழைய பட்டியல்களுக்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்கு நெடுநாள் சாட்சியாக நின்ற ‘டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3’ என்ற மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதிய மூலத்தை அறியாத பழைய கருவிகளும் மென்பொருள்களும் அன்றிலிருந்து இணைய மறுத்தன. சர்வரில் யாரும் கை வைக்கவில்லை. சான்றிதழும் செல்லுபடியாகத்தான் இருந்தது.

9. பழைய விண்டோஸ் 7 கணினி ஒன்றில் மட்டும் “செக்யூர் சேனலை உருவாக்க முடியவில்லை” என்கிறது. போன மாதம் வரை வேலை செய்ததே?

போன மாதம் வரை சர்வர் பழைய டிஎல்எஸ் பதிப்புகளையும் ஏற்றுக்கொண்டிருக்கும், இப்போது 1.2-க்குக் கீழே உள்ளவற்றை நிறுத்தியிருப்பார்கள். இரண்டாம் பதிலில் சொன்ன முதல் கட்டம், அதாவது பதிப்பில் ஒத்துப்போவது, இங்கே தவறுகிறது. விண்டோஸ் 7-க்கு டிஎல்எஸ் 1.2 தெரியும், ஆனால் பல மென்பொருள்கள் பயன்படுத்தும் வின்எச்டிடிபி என்ற பகுதியில் அது இயல்பாக இயக்கப்பட்டிருக்காது. அதை இயக்க மைக்ரோசாஃப்ட்டின் கேபி3140245 என்ற புதுப்பிப்பும், விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மாற்றமும் தேவை. இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் டிஎல்எஸ் 1.2 தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணினி புதியதாக இருந்தும் இந்தப் பிழை வந்தால், மென்பொருள், மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் என்ற மென்பொருள் கட்டமைப்பின் பழைய 4.5 பதிப்புக்காக எழுதப்பட்டதாக இருக்கலாம். அது தானாக டிஎல்எஸ் 1.0-உடன் நின்றுவிடும். டாட்நெட் 4.7 முதல் எந்த டிஎல்எஸ் பதிப்பில் பேசுவது என்பதை இயங்குதளமே முடிவு செய்கிறது. ஜாவா 7-உம் அப்படியே, 1.2 தெரிந்தும் இயல்பாக 1.0-இல் பேசும், ஜாவா 8 முதல் 1.2 இயல்பானது. தற்காலிகத் தீர்வுகள் இருக்கின்றன என்றாலும், விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டதால், அந்தக் கணினியை மாற்றுவதே சரி என்பது என் கருத்து. அந்த ஒரு கணினிக்காகச் சர்வரில் 1.0-ஐத் திரும்ப இயக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அது எல்லாருடைய பாதுகாப்பையும் குறைத்துவிடும்.

10. அலுவலக இணைப்பில் உள்நுழைய முடியவில்லை, ஹாட்ஸ்பாட்டில் உடனே முடிகிறது. இதற்கு என்ன அர்த்தம்?

உங்களுக்கும் சர்வருக்கும் நடுவில் ஏதோ ஒன்று இணைப்பைத் திறந்து பார்க்கிறது என்று அர்த்தம். பல நிறுவனங்களின் ஃபயர்வால்கள் போக்குவரத்தைச் சோதிப்பதற்காக இணைப்பைத் தாமே ஏற்று, சர்வரின் சான்றிதழுக்குப் பதிலாகத் தம் சான்றிதழைக் காட்டுகின்றன. கணினியில் உள்ள ஆன்டிவைரஸும் இதையே செய்வதுண்டு. ஆனால் அது ஹாட்ஸ்பாட்டிலும் உடன் வரும்.

கண்டுபிடிப்பது எளிது. பிரவுசரில் முகவரிக்கு இடப்புறம் உள்ள சிறு குறியை அழுத்திச் சான்றிதழைத் திறந்து, ‘இஷ்யூட் பை’ என்ற வரியைப் படியுங்கள். அங்கே பொதுச் சான்றிதழ் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் உங்கள் ஃபயர்வாலின் பெயரோ, ஆன்டிவைரஸின் பெயரோ, உங்கள் நிறுவனத்தின் பெயரோ இருந்தால் விடை கிடைத்துவிட்டது. இந்த ஒரு வரியைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு என் உதவி பாதிக்குமேல் தேவைப்படுவதில்லை. தீர்வு, அந்த மென்பொருளின் முகவரியைச் சோதனையிலிருந்து விலக்கும்படி வலையமைப்பு நிர்வாகியிடம் கேட்பது; அல்லது ஃபயர்வாலின் மூலச் சான்றிதழை எட்டாம் பதிலில் சொன்ன சரியான பட்டியலில் அவரே சேர்ப்பது. ஆன்டிவைரஸை நிரந்தரமாக நிறுத்திவைக்க வேண்டாம். அதன் அமைப்பில் விதிவிலக்கு சேர்க்க இடமிருக்கும்.

பொது இடங்களின் வைஃபையில் வரும் பிழை வேறு. அங்கே நுழைவுப் பக்கத்தில் ஒப்புதல் கொடுக்கும்வரை எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது.

11. சர்வர் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது, சான்றிதழை நாங்களே உருவாக்கினோம். அதற்கும் எச்சரிக்கை வருவது நியாயமா?

நியாயம்தான். தனக்குத் தானே சாட்சி சொல்லும் சான்றிதழை, யாரும் அதே பெயரில் உருவாக்கிவிட முடியும். உள் பயன்பாட்டுக்கு நிறுவனமே ஒரு மூலச் சான்றிதழை உருவாக்கி, அதைக் குரூப் பாலிசி மூலம் எல்லாக் கணினிகளிலும் சேர்த்து, அதன்கீழ் சர்வர்களுக்குச் சான்றிதழ் வழங்குவது சரியான முறை. இல்லாவிட்டால், ஐந்தாம் பதிலில் கூடாது என்று சொன்ன பழக்கத்தை ஊழியர்களுக்கு நாமே தினமும் பயிற்றுவிக்கிறோம்.

12. அமைப்புப் பக்கத்தில் ‘சான்றிதழைச் சரிபார்க்காதே’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. உதவிக்கு வந்தவர் அதைத் தேர்வு செய்துவிட்டுப் போனார், வேலை செய்கிறது. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். பூட்டு சிக்குகிறது என்பதற்காகக் கதவைக் கழற்றி வைத்ததற்குச் சமம் அது. இணைப்பு மறையாக்கப்பட்டிருக்கும், ஆனால் எதிரில் யார் என்பது தெரியாது. எந்த அறிகுறியும் தெரியாததால் அந்தக் கட்டம் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். உண்மையான காரணம் 4 முதல் 11 வரை உள்ளவற்றில் ஒன்றாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு அந்தக் கட்டத்தை நீக்குங்கள்.

13. சில நேரம் உள்ளே போக முடிகிறது, சில நேரம் முடியவில்லை. எதையும் மாற்றவில்லை. இது எப்படி?

ஒரே பெயருக்குப் பின்னால் பல சர்வர்கள் இருக்கலாம். நான்கில் மூன்றுக்குப் புதிய சான்றிதழை வைத்து, ஒன்றை மறந்துவிட்டால், உங்கள் இணைப்பு அந்த ஒன்றில் விழும்போதெல்லாம் பிழை வரும். பிழை வரும் நேரத்தில் சான்றிதழின் முடிவு நாளையும் தொடர் எண்ணையும் குறித்துக்கொண்டு, நன்றாகத் திறக்கும் நேரத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் நிர்வாகியால் மறுக்க முடியாத சான்று அது. ஐபிவி4, ஐபிவி6 என்ற இரண்டு இணைய முகவரி முறைகளில், ஒன்றின் வழியில் ஒரு சர்வருக்கும் மற்றதன் வழியில் வேறொரு சர்வருக்கும் செல்லும் நிலையிலும் இதே போல் நடக்கும்.

14. ஈவன்ட் வியூவரில் 36887 என்று ஒரு பதிவும், அதில் ஓர் எண்ணும் இருக்கின்றன. அந்த எண் எதைச் சொல்கிறது?

விண்டோஸின் சிஸ்டம் பதிவில் ‘எஸ்சேனல்’ என்ற பெயரில் வரும் 36887, எதிர்த்தரப்பு இணைப்பை முறித்துக்கொண்டது என்பதைக் குறிக்கிறது. கூடவே உள்ள எண் அதற்கான காரணம். இந்த எண்கள் டிஎல்எஸ் தரத்திலேயே வரையறுக்கப்பட்டவை: 70 என்றால் பதிப்பு ஏற்கப்படவில்லை, ஒன்பதாம் பதிலுக்குப் போங்கள். 40 என்றால் இரு தரப்புக்கும் பொதுவான முறை கிடைக்கவில்லை. 45 என்றால் சான்றிதழ் காலாவதி, 48 என்றால் வழங்கியவரைத் தெரியவில்லை.

இதில் ஒரு நுட்பம். பதிவு உங்கள் கணினியில் இருந்தால், முறையிடுவது சர்வர். சர்வர் 48 என்று சொல்கிறது என்றால், அது நம்பாதது தன் சான்றிதழை அல்ல, நீங்கள் காட்டிய சான்றிதழை. யூஎஸ்பி டோக்கன் அல்லது பயனர் சான்றிதழ் வைத்து உள்நுழையும் மென்பொருள்களில் இது நடக்கும். டோக்கனில் பழையதும் புதியதுமாக இரண்டு சான்றிதழ்கள் இருந்து, மென்பொருள் பழையதை எடுத்துக் காட்டியிருக்கலாம்.

15. எல்லாம் பார்த்தாகிவிட்டது, தீரவில்லை. மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதும்போது என்னென்ன அனுப்ப வேண்டும்?

பிழைச் செய்தியின் முழு வாசகம், அது வந்த நாளும் நேரமும், நீங்கள் பயன்படுத்திய முழு முகவரி, இயங்குதளத்தின் பதிப்பு, மென்பொருளின் பதிப்பு, மூன்றாம் பதிலில் உள்ள மூன்று ஒப்பீடுகளின் முடிவு, பத்தாம் பதிலில் சொன்ன ‘இஷ்யூட் பை’ வரியின் படம் ஆகியவற்றை அனுப்புங்கள். இவை இருந்தால் முதல் மடலிலேயே பதில் கிடைக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டால் இவற்றைக் கேட்டே மூன்று மடல்கள் போகும்.

கடவுச்சொல்லை அனுப்பாதீர்கள், முதல் பதிலின்படி இந்தப் பிழைக்கு அது தேவையே இல்லை. நீங்கள் சர்வர் நிர்வாகியாக இருந்தால், சான்றிதழ்க் கோப்பை மட்டும் அனுப்புங்கள்; சர்வர் மட்டும் வைத்திருக்க வேண்டிய ரகசியத் தனித் திறவுகோல் சேர்ந்த ‘பிஎஃப்எக்ஸ்’ கோப்பை யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். தவறி அனுப்பிவிட்டால் அந்தச் சான்றிதழை அன்றே ரத்து செய்துவிட்டு, புதிய திறவுகோலுடன் வேறொன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள்.